கிராங்குக் கழுத்தில் ஒரு கோலம்

சிவசாமி வேலைக்கு எழும்ப அலாரம் வைத்ததே இல்லை. அவருக்குச் சுவர் இருந்தது.

இலங்கை மலையகத்தில், றொசல்ல ஸ்டேசனிலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், மேலே ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். கம்பனிக் காகிதங்களில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீசுப் பேர் ஒன்று உண்டு. ஆத்தோரம் என்று கேட்டால்தான் பஸ் கண்டக்டருக்கே விளங்கும். ஆத்தோரத்தின் ஆறாம் நம்பர் லயத்தில், எட்டு அறைகள் ஒட்டிய அந்த வரிசை வீட்டில், சிவசாமியின் காம்பிராவுக்கும் அழகனின் காம்பிராவுக்கும் இடையில் ஒற்றைச் சுவர்தான். விடியற்காலை நாலரைக்கு யார் முதலில் கண் விழிக்கிறாரோ அவர் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு பதில் வரும். வராவிட்டால், "செத்துட்டியாடா?" என்ற கூச்சல் எட்டு காம்பிராவையும் எழுப்பிவிடும். கல்யாணமான மறுநாள் அந்தக் கூச்சலைக் கேட்டுப் பாயோடு எழுந்து வாசலுக்கு ஓடியதைச் சிவசாமியின் மனைவி நாகலெட்சுமி பல வருசம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் வேலை ஸ்டோரில். தேயிலை ஃபெக்டரியை அங்கே எல்லாரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். சிவசாமி ஃபிட்டர், மெசின்களுக்கு வைத்தியர் மாதிரி. அழகன் ரோலர்காரர். வாடிய கொழுந்தைக் கொட்டிச் சுருட்டுகிற மெசின்தான் ரோலர். பித்தளைத் தட்டின் மேல் ஆளுயரப் பெட்டி ஒன்று வட்டம் வட்டமாகச் சுற்றும். கிராங்கு என்கிற வளைந்த இரும்புத் தண்டுகள் மூன்று அதைத் தாங்கிச் சுழற்றும். மேலே கைச்சக்கரத்தைத் திருகினால் மூடி இறங்கிக் கொழுந்தை அமுக்கும். எத்தனை சுற்று அமுக்குவது என்பது ரோலர்காரர் கையில். அமுக்கம் கூடினால் இலை சீக்கிரம் சுருளும், வேலையும் சீக்கிரம் முடியும். ஏழு சுற்று என்பது ஸ்டோரின் சட்டம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சிவசாமிக்கு நினைக்க நினைக்கத் தித்திக்கும். நசுங்கிய இலையின் பச்சை வாசனை சட்டையில் ஒட்டியிருக்க, சனிக்கிழமை அந்திக்கு இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக றொசல்லைக்கு இறங்குவார்கள். ஐந்து மணி ரயிலில் தொங்கிக்கொண்டு ஹட்டன் டவுன். ஸ்டேசன் வாசலில், யுத்த காலத்துச் சோதனைக்கு, ஐடென்டிட்டி அட்டையைக் காட்டி நிற்கும்போது அழகன் தன் அட்டையிலுள்ள படத்தைக் காட்டி, "இவனத் தெரியுமாடா? நல்ல பையன்" என்பார். பிறகு ஒரு படம், ஒரு கொத்துரொட்டி, கடைசி பஸ். வழுக்குப் பாதையில் திரும்பி ஏறும்போது சரிவுப் பக்கம் எப்போதும் சிவசாமிதான் நடப்பார். ஏனென்றால் அழகன் பேசிக்கொண்டே நடக்கிற ஆள், கால் எங்கே போகிறதென்று பார்க்க மாட்டார்.

1996 மே மாதம் அது எல்லாம் முடிந்துபோனது. கொழுந்து மலையாய்க் குவிந்த சீசன். அதுவும் சனிக்கிழமை. மூன்றாம் நம்பர் ரோலரின் கிராங்கு ஒன்று கழுத்தில், அது வளைகிற இடத்தில், முறிந்தது. பெட்டி ஒரு பக்கமாக வீசி, பக்கத்தில் குனிந்து கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்த அழகனின் வலது கையைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். கழுத்து ஏன் முறிந்தது? கிரீஸ் போடாததால் சூடேறி முறிந்தது என்று எழுதினார்கள். கிரீஸ் போடுவது யார்? ஃபிட்டர். தீர்ந்தது விசயம். ஒருவன் தலையில் கட்டிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? சிவசாமியை ஆறு மாதம் விறகு அடுக்கப் போட்டார்கள். அதற்குள் ஸ்டோரில் பாதி மெசின் படுத்துவிட்டதால், முகத்தைத் திருப்பிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டார்கள். அழகன் தேறி வந்தபின் அவருக்கு ஸ்டோர் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

அழகன் அதற்குப் பிறகு சிவசாமியிடம் பேசவில்லை. சிவசாமி பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சிவசாமியும் நிறுத்திக்கொண்டார். நாகலெட்சுமியும் அழகனின் மனைவி ராசம்மாவும் மட்டும் எதுவுமே நடக்காததுபோல ரசமும் ரொட்டியும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஊமையாகிவிட்டது. அந்தப் பக்கத்து இருமல் கேட்கும், ரேடியோ கேட்கும், தட்டு மட்டும் கேட்காது.

இதில் பெரிய கொடுமை வேறு. தான் கிரீஸ் போட்டதாகத்தான் சிவசாமிக்கு நினைவு. காலை ஆறு மணிக்கு டப்பாவைத் திறந்தது, மூன்றாம் நம்பருக்குக் கீழே படுத்தது, எல்லாம் கண் முன்னால் நிற்கிறது. ஆனால் அது அந்தச் சனிக்கிழமையா, முந்திய நாளா? தினமும் செய்கிற காரியத்தில் ஒரு நாளைத் தனியாகப் பிரித்தெடுக்க யாரால் முடியும்? ஊரே போடவில்லை என்று சொல்லும்போது, போட்டவனுக்கே சந்தேகம் வந்துவிடும். தன் சோம்பலால்தான் கூட்டாளியின் கை போனதா என்ற ஒரே கேள்வியைப் பத்து வருசம் மென்றுகொண்டிருந்தார்.

2006இல் குகநேசன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளர், சிவசாமியின் வயதுதான். கம்பனியின் பல ஸ்டோர்களில் கிராங்குகள் முறிந்துகொண்டே இருந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த மனிதர் ஒஃபிசில் உட்காராமல் நேரே ரோலர் அறைக்கு வந்து, புதிய காற்சட்டையோடு மெசினுக்கு அடியில் படுத்தார். சிவசாமிக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"இந்தக் கழுத்திலதான் வெடிப்புத் துவங்குது, அண்ணை. வளைஞ்சிருக்கிற இந்த இடத்திலயே, இரும்பு எவ்வளவு இழுபடுதெண்டு அளக்க வேணும்" என்றார் குகநேசன்.

"அளக்கிற பட்டைய ஒட்டிப் பாத்தாங்க சேர், ரெண்டு வருசத்துக்கு முந்தி. கொழுந்துத் தண்ணியும் கிரீசும் பட்டு ஒரு வாரத்துல உரிஞ்சுபோச்சு."

"ஒட்டுறதில்லை. இரும்பிலேயே கீறப்போறம்."

அவர் சொன்னது சிவசாமிக்கு முதலில் கதைபோல இருந்தது. கழுத்தின் மேல் மின்சாரம் கடக்காத ஒரு பூச்சு. அதன் மேல் உலோகப் பூச்சு. தலைமயிரைப் பிளந்து பிளந்து போனாலும் அந்த மெல்லிசு வராது. பிறகு லேசர் ஒளியை ஊசிமுனையாகக் குவித்து, வேண்டாத உலோகத்தை எரித்துவிட்டு, வளைந்து வளைந்து ஓடும் ஒரே ஒரு கோட்டை மிச்சம் வைப்பது. இரும்பு வளைந்தால் அந்தக் கோடும் இழுபடும். இழுபட்டால் மின்சாரம் அதில் போகச் சிரமப்படும். எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்த்தால் கழுத்து எவ்வளவு வளைகிறது என்று தெரியும்.

"ஏன் சேர் லேசரு? அச்சு வச்சுப் பண்ண முடியாதா?"

"வீட்டில கோல அச்சு இருக்கோ?"

"இருக்கு. துவாரம் போட்ட தகரம்."

"தரையில வைச்சால் கோலம் விழும். அம்மிக் குழவியில வைச்சுப் பாருங்கோ."

சிவசாமி சிரித்துவிட்டார். தகரம் குழவியில் உட்காராது. அதனால் குழவியை மெல்ல உருட்டி, ஒளியை எப்போதும் அதே தூரத்தில் நிறுத்தி, கையால் போடுகிறாற்போல ஒளியால் போடுவது. அந்த லேசர் இலங்கையில் இல்லை. குகநேசன் படித்த ஜெர்மன் ஆய்வுகூடத்தில் இருந்தது.

அதற்கென்று புதிய கிராங்கு ஒன்றைக் கடைந்து கொடுத்தது சிவசாமி. முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பு வேண்டும், ஒரு கீறல் இருந்தாலும் கோடு அறுந்துவிடும் என்று குகநேசன் சொல்லியிருந்தார். ஒன்பது நாள் தேய்த்தார். அதில் பார்த்து மீசை கத்தரித்துக்கொண்டதாக ஸ்டோரில் கதை கட்டினார்கள். கொழும்புக்கே இரண்டு தடவை மட்டும் போயிருந்த சிவசாமி, தன் கையால் தேய்த்த இரும்பை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்.

ஆடி மாதம் அது திரும்பி வந்தது. கழுத்தின் வளைவில், கட்டைவிரல் நகத்தளவு இடத்தில், மங்கலான ஒரு கறை. அவ்வளவுதான். குகநேசன் பூதக்கண்ணாடியைக் கொடுத்ததும் சிவசாமி மூச்சை அடக்கிக்கொண்டார். கறைக்குள்ளே கோடுகள் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒன்றையொன்று தொடாமல், வளைவோடு வளைந்து படுத்திருந்தன. "கோலந்தான் சேர்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

அதை மூன்றாம் நம்பர் ரோலரில் பூட்டினார்கள். கிராங்கின் தண்டில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைக் கட்டினார்கள். கோலம் சொல்வதையெல்லாம் அது மூன்று மாதம் தனக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் புகாமல் அரக்கிட்டு மூடியதால் கடைசியில்தான் திறக்கலாம். கோலத்தின் மேல் சிவசாமி ஒரு தகர மூடி செய்து மாட்டினார்.

ஆவணியில் குகநேசன் இரண்டு சோதனை கேட்டார். ஒரு நாள் கிரீசே இல்லாமல் ஓட்ட வேண்டும். இன்னொரு நாள் மூடியை ஒன்பது சுற்று அமுக்கி ஓட்ட வேண்டும். இரண்டு நாளும் மெசினுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது.

முதல் சோதனைக்கு மெசினுக்கு அடியில் படுத்தது சிவசாமிதான். கிரீசைப் பாதி வழித்தெடுத்துவிட்டு நிறுத்தினார். "நான் போடலன்னுதான் சேர் ஒரு ஆளோட கை போச்சு. இப்ப வேணும்னே எடுக்கச் சொல்றீங்க" என்றார். முழுக் கதையையும் அன்றைக்குத்தான் வாய் திறந்து ஒரு வெளியாளிடம் சொன்னார். குகநேசன் மெசினுக்குப் பக்கத்திலேயே குந்தினார். பிறகு, "அப்ப இது உங்களுக்கும் தெரிய வேண்டிய விசயம், அண்ணை" என்றார். அன்றிலிருந்து சிவசாமிக்கு அந்தப் பெட்டி நீதிபதிபோல ஆகிவிட்டது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்வார்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. ஆத்தோரத்து ஸ்டோருக்கு ஒரு வழக்கம் உண்டு. கறையோ துருவோ உள்ள மெசினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. மூடியைக் கழற்றி உள்ளேயும் துடைத்த பிறகுதான் சந்தனம், குங்குமம். அதனால் முதல் நாள் ஸ்டோர் முழுக்கச் செங்கல்தூளும், துரு தேய்க்கிற எமரித்தாளும் பறக்கும். சிவசாமி ஒவ்வோர் ஆளாகப் பிடித்து, மூன்றாம் நம்பரின் தகர மூடியைத் தொடக் கூடாது என்று சொன்னார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொன்னார், ரோலர்காரர்களிடம் சொன்னார், விறகுக்காரர்களிடம் கூடச் சொன்னார். பிறகு நீத்துப்பூசணியும் பொரியும் வாங்க ஹட்டனுக்குப் போனார்.

ஒரே ஓர் ஆளிடம் சொல்லவில்லை. அவரிடம்தான் பத்து வருசமாக எதையுமே சொல்வதில்லையே.

தன் கையை எடுத்த மெசினை வருசா வருசம் அழகன்தான் துடைப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை, யாரையும் விடுவதுமில்லை. சிவசாமி பூசணியோடு திரும்பியபோது தகர மூடி கீழே கிடந்தது. கிராங்குக் கழுத்து பளபளவென்று வெள்ளியாய் மின்னியது. அதன் நடுவில் வட்டமாகச் சந்தனம், அதற்குள்ளே குங்குமம். அழகன் இடது கையில் எமரித்தாளோடு, முழங்காலில் நின்றபடி, தன் வேலையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவசாமியின் கையிலிருந்த பூசணி ஒரு நாள் முந்தியே உடைந்தது.

பக்கத்திலிருந்தவர்கள் ஓடிவந்து விசயத்தைச் சொன்னதும் அழகன் சந்தனம் வைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். எமரித்தாளைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சிவசாமி தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துகொண்டார். கோபம்கூட வரவில்லை. தனக்கு இனி எந்தக் காலத்திலும் பதில் கிடைக்காது என்று மட்டும் தோன்றியது.

பூசை முடிந்த இரண்டாம் நாள் குகநேசன் வந்தார். சந்தனம் காய்ந்திருந்த கழுத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று சிவசாமி தலை குனிந்தார். அவரோ பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜெர்மன்காரன் இதை எந்தப் புத்தகத்திலயும் எழுதேல்லை, அண்ணை. ஆயுத பூசை வந்தால் சென்சருக்கு என்ன செய்யிறதெண்டு" என்றார்.

"எல்லாம் போச்சா சேர்?"

"கோலம் போச்சு. பெட்டி போகேல்லைத்தானே? கோலம் இருந்தவரைக்கும் சொன்னதெல்லாம் உள்ளுக்கு இருக்கும்."

அரக்கைச் சுரண்டிப் பெட்டியைத் திறந்து, கம்பியை மடிக்கணினியில் மாட்டினார். திரையில் மலைத்தொடர்போலக் கோடு ஓடியது. பூசைக்கு முதல் நாள் பின்னேரம் நாலு இருபதுக்கு அது அறுந்து நின்றது. அழகன் எமரித்தாளை வைத்த நிமிசம்.

குகநேசன் பின்னால் போய் ஆவணியைத் தேடினார். "இது கிரீஸ் இல்லாமல் ஓடின நாள். பாருங்கோ, வழமையைவிடக் கொஞ்சம்தான் உயருது. சூடு ஏறியிருக்கும், சத்தம் போட்டிருக்கும். ஆனால் கழுத்தை முறிக்கிற அளவு வளைவு இல்லை." விரல் நகர்ந்தது. "இது ஒன்பது சுற்று அமுக்கின நாள்."

அந்த இடத்தில் கோடு இரண்டரை மடங்கு மேலே ஏறியிருந்தது.

"அண்டைக்கு, ஏற்கெனவே களைச்சுப்போயிருந்த பழைய கழுத்தை இதுதான் முறிச்சிருக்கும். கிரீசுக்கும் உங்கட கூட்டாளியின்ர கைக்கும் சம்பந்தம் இல்லை, அண்ணை. போட்டிருந்தாலும் முறிஞ்சிருக்கும், போடாட்டிலும் முறிஞ்சிருக்கும்."

சிவசாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரோலர் அறையில் அத்தனை பேர் பார்க்க, நாற்பத்து நாலு வயது ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார். பத்து வருசத்துப் பாரம் இறங்கும்போது சத்தம் போடாமலா இறங்கும்?

குகநேசன் அவர் அடங்கும்வரை இருந்துவிட்டு, தன் குறிப்புக் கொப்பியைத் திறந்தார். "அண்டைக்கு எத்தனை சுற்று அமுக்கினது? ஆர் அமுக்கினது?"

அப்போதுதான் சிவசாமிக்கு உறைத்தது. கைச்சக்கரம் ரோலர்காரர் கையில். அன்றைய ரோலர்காரர் அழகன். விசாரணையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஏழு சுற்று என்று சொன்ன அழகன்.

"ஞாபகம் இல்லைங்க சேர்" என்றார் சிவசாமி.

குகநேசன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொப்பியை மூடினார். அடுத்த மாதம் எல்லா ரோலர்களிலும் ஏழுக்கு மேல் திருக முடியாதபடி ஒரு தடை வைத்தார்கள். பழைய விசாரணை ஃபைலை மட்டும் யாரும் தூசு தட்டவில்லை.

அன்று மாலை லயத்துப் பீலியில் சிவசாமி கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் அழகன்.

"தெரியாமத்தான்டா தேய்ச்சேன்" என்றார் அழகன்.

பத்து வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன்னை டா போட்டதைக் கேட்டுச் சிவசாமி கழுவிய கையையே திரும்பவும் கழுவினார். "தெரியும். ஒங்கிட்ட சொல்லாதது என் தப்பு" என்றார்.

"பெட்டி என்னா சொல்லுச்சுன்னு ஸ்டோர்ல சொன்னாங்க."

"ம்."

"ஒம்பது சுத்துடா. ரெயிலுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு சுத்து கூட்டித் திருகுனேன். ஒம்பதுன்னு சொன்னா கையும் போயி வேலையும் போயிரும், லயத்த விட்டு எறக்கிருவாங்கன்னு பயந்துட்டேன். ஏழுன்னு சொன்னேன்."

சிவசாமி தலையை ஆட்டினார். இதுவரை அவர் தாங்கிக்கொண்டார். அழகன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நீ கிரீஸ் போட்டத நான் பாத்தேன்டா. காலையில மூணாம் நம்பருக்குக் கீழ நீ படுத்திருந்தப்ப, ஒங்கால்கிட்டதான் நின்னு பேசிக்கிட்டிருந்தேன். என்னா படத்துக்குப் போவோம்னு கேட்டேன். ஒம்மூஞ்சியப் பாத்து எப்பிடிடா பேசுவேன் நான்?"

தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. சிவசாமிக்கு அந்தக் காலை இப்போது முழுசாக வந்தது. மெசினுக்கு அடியிலிருந்து பார்த்த இரண்டு கால்கள், செருப்பில் ஒட்டிய கொழுந்து, படத்தின் பேர்கூட. சனிக்கிழமைதான். வெறுப்பால் பேசாமலிருக்கிறான் என்று இத்தனை வருசம் நினைத்தது வெறுப்பே இல்லை, கூச்சம்.

"பத்து வருசம்டா!" சிவசாமி கத்தினார். லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. "தெனமும் படுக்கையில அந்தக் கிரீஸ் டப்பாவத் தொறந்து தொறந்து பாத்திருக்கேன்டா! ஒரு வார்த்த... நடுவுல ஒரு செவுருதானடா இருந்துச்சு!"

சிவசாமி வாளியை உதைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாகலெட்சுமி வைத்த சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் நாலரைக்கு அவருக்கு முழிப்பு வந்தது. அந்தப் பக்கம் இருமல் கேட்டது. படுத்தபடியே சுவரைப் பார்த்தார். கோபம் அப்படியே நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. எழுந்தார். மூலையில் கிடந்த இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். சுவரில் மூன்று போடு போட்டார். சுண்ணாம்பு பெயர்ந்து நாகலெட்சுமியின் போர்வையில் விழுந்தது.

"என்னங்க, என்னாச்சு?"

சிவசாமி விரலை உதட்டில் வைத்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, பழக்கமில்லாத இடது கையால், மெதுவாக, இரண்டு தட்டு.

"செவுத்த இடிச்சுப்புடாதடா" என்றது அழகனின் குரல்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே ஸ்டோருக்கு நடந்தார்கள். சிவசாமி வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுகிற மனநிலையும் இல்லை. ஆனால் மழையில் ஊறிய அந்தப் பாதையில், சரிவுப் பக்கம், அழகனுக்குக் கை இல்லாத பக்கமாக அவர்தான் நடந்தார்.